வெட்டாமல் விட்ட சுவர்

எனக்குத் தோண்டத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள் சார். வாய்ப் பேச்சாக இல்லை, எழுத்தில். 'பயிற்சியற்ற பணியாளர்கள்' என்று அச்சடித்த அறிக்கையில் இருக்கிறது. என் மச்சினன் மகன் போனில் வைத்துப் படித்துக் காட்டினான். இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். இரண்டு தடவையும் அதேதான் இருந்தது.

பஸ் ஜன்னலைச் சாத்திவிடட்டுமா? புழுதி உங்களுக்கு ஆகாது போலிருக்கிறதே. எனக்கு ஒன்றும் செய்யாது. முப்பத்தாறு வருஷமாக நானும் அதுவும் ஒன்றாகத்தான் இருக்கிறோம்.

வேலம்புதூர் சென்னிமலை மேஸ்திரி என்றால் என்னைத் தாராபுரம் வரைக்கும் தெரியும் சார். மண்வேலை மேஸ்திரி. நீங்கள் படித்தவர், உங்களுக்குத் தோண்டுவது என்றால் எல்லாம் ஒரே தோண்டுவதுதான். எங்களுக்கு அப்படி இல்லை. கிணறு வெட்டுவோம். கடைக்கால் தோண்டுவோம். குளத்தில் தூர் எடுப்போம். கல்லுக்குழியில் உடைப்போம். தென்னம்பிள்ளை வைக்கக் குழி எடுப்போம். ஒவ்வொன்றுக்கும் பிடி வேறு, நிற்கிற நிலை வேறு. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுகிறவன் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே தோண்டுவான். கிணறு வெட்டுகிறவன் அடிக்கடி மேலே பார்ப்பான், எது எப்போது தலையில் விழும் என்று. இத்தனையும் தெரிந்த என்னிடம் வந்து ஒரு அம்மணி சொன்னார்கள்: "மேஸ்திரி, நாம செய்யப் போறது தோண்டறது இல்ல. அகழாய்வு."

சரிங்க என்றேன். பெயரே இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, குழி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைத்து, ஆட்களுக்குப் புது மண்வெட்டி எல்லாம் பிடி போட்டுக்கொண்டு போனேன். ஒரு நாளைக்குப் பத்து சென்டிமீட்டர் சார். என் வீட்டுப் பூனை அதைவிட ஆழமாகத் தோண்டும்.

இருங்கள், முதலில் வீட்டைச் சொல்ல வேண்டும். வீடுதான் விஷயம்.

எங்கள் ஊருக்கு மேற்கே நத்தமேடு என்று ஒரு மண்மேடு. முள்ளும் ஓணானும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. மேட்டை ஒட்டி எங்கள் தெரு. பதினோரு வீடு. ஏழாவது வீடு என்னுடையது. நானே கடைக்கால் எடுத்து, நானே மண் சுமந்து கட்டியது. முப்பத்தொரு வருஷம். ஒரு நாள் நாலு பேர் வந்து தெரு நெடுகக் கல் நட்டார்கள். என் வீட்டுச் சுவரில் மஞ்சள் பெயிண்டில் ஒரு நம்பர் எழுதினார்கள். நாலு வழிச் சாலை வருகிறதாம். மேட்டை வெட்டிக்கொண்டு, தெருவையும் வெட்டிக்கொண்டு நேராகப் போகுமாம். என் வீட்டுக்காரி பழனாத்தாள் அந்த நம்பரைச் சுண்ணாம்பு அடித்து அழித்தாள். மறுநாள் வந்து இன்னும் பெரிதாக எழுதிவிட்டுப் போனார்கள். அவர்களிடம் பெயிண்டு நிறைய இருந்தது.

அப்போதுதான் அந்த அம்மணி வந்தார்கள். கோகிலவாணி. பெரிய படிப்பு, கல்லூரியில் சொல்லிக் கொடுக்கிறவர்கள். நத்தமேட்டில் ஆதிகாலத்து ஜனங்கள் இருந்திருக்கிறார்கள், அதற்குச் சான்று கிடைத்துவிட்டால் சாலையை மேட்டுக்கு அந்தப் பக்கம் வளைத்துவிடுவார்கள் என்றார்கள். அந்தப் பக்கம் வெறும் புறம்போக்கு. மேடு தப்பினால் தெரு தப்பும். எங்களுக்கு அது போதும். ஆதிகாலத்து ஜனங்கள் இருந்தார்களோ இல்லையோ, பதினோரு வீட்டுக்காரர்களும் அன்றைக்கே அவர்களைச் சொந்தக்காரர்கள் ஆக்கிக்கொண்டோம். பழனாத்தாள் மேட்டுக்கே போய் ஒரு சூடம் கொளுத்தி வைத்துவிட்டு வந்தாள்.

கூலிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். என் ஆட்கள் ஒன்பது பேரோடு நான் போனேன். முதல் நாள் நூல் கட்டி நாலு சதுரம் காட்டினார்கள். ஒவ்வொன்றும் பதினாறடிக்குப் பதினாறடி. "ஆரம்பிங்க" என்றார்கள். ஆரம்பித்தோம். அம்மணி குடையை எடுக்கப் போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் முதல் குழியில் ராக்கியண்ணன் இடுப்பு வரைக்கும் இறங்கிவிட்டான். ராக்கியண்ணன் என் ஆட்களிலே கை வேகமானவன்.

"ஐயோ! நிறுத்துங்க! நிறுத்துங்க!"

"ஏனுங்க அம்மணி, பாம்பு கீம்பு இருக்குதுங்களா?" என்றான் அவன்.

"ஐந்நூறு வருஷத்தை அரை மணி நேரத்துல அள்ளிக் கொட்டிட்டீங்களே!"

"அட, வெயில் மட்டும் இல்லீன்னா இன்னும் ஐந்நூறு எடுத்திருப்பனுங்க" என்றான் பெருமையாக. அவனுக்கு அவ்வளவுதான் தெரியும்.

அதற்குப் பிறகு மண்வெட்டியை வாங்கி வைத்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு கொத்துக்கரண்டியும் ஒரு பிரஷ்ஷும். பெயிண்டு அடிக்கிற பிரஷ் சார். முப்பத்தாறு வருஷம் மண்வேலை செய்த நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பூமிக்குத் தூசி தட்டினேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் சைக்கிளை நிறுத்தி, "மேஸ்திரி, மேட்டுக்குப் பவுடர் போடறீங்களா?" என்று கேட்டார்கள். எடுத்த மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலிக்க வேண்டும். உடைந்த பானை ஓடு ஒன்று வந்தால் அதைக் கழுவி, காயவைத்து, ஒரு பைக்குள் போட்டு, எந்தக் குழி, எவ்வளவு ஆழம், என்ன தேதி என்று சீட்டு எழுதிக் கட்டுவார்கள். எனக்கு ரேஷன் கார்டில் பெயர் திருத்த இரண்டு வருஷம் ஆயிற்று. உடைந்த சட்டிக்கு அன்றைக்கே அட்டை கிடைத்துவிடுகிறது.

ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. வீடுதான் விஷயம்.

இப்போது அந்தச் சுவர் விவகாரத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது, அதைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். அவர்களுக்குச் சொல்லியும் புரியவில்லை, அது வேறு.

குளத்தில் மண் எடுக்கிறோம் என்று வையுங்கள். எவ்வளவு ஆழம் எடுத்தோம் என்று பிற்பாடு எப்படித் தெரியும்? எடுத்த மண் வண்டியில் போய்விட்டது. குழிதான் இருக்கிறது. முன்னே தரை எங்கே இருந்தது என்று குழியைக் கேட்டால் சொல்லுமா? அதனால் நடுவிலே அங்கங்கே ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு மண்ணை வெட்டாமல் விட்டுவிடுவோம். தூண் மாதிரி நிற்கும். தலையில் பழைய புல் அப்படியே இருக்கும். அளவுத் திட்டு என்போம். ஓவர்சியர் வருவார், திட்டின் தலையிலிருந்து அடி வரைக்கும் டேப் பிடிப்பார், நோட்டில் எழுதுவார். எழுதிய கையோடு, "ம், வெட்டிரு" என்பார். வெட்டிவிடுவோம். அதோடு வேலை முடிந்தது. திட்டு நிற்கிற குளம் முடியாத குளம் சார். பார்க்கிறவன் எல்லாம், அளவில் ஏதோ வில்லங்கம் போலிருக்கிறது, அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று பேசுவான். திட்டை நிற்க விட்டுவிட்டுப் போகிற மேஸ்திரியை அடுத்த ஊரில் கூப்பிட மாட்டார்கள்.

சில பேர் திட்டின் தலையில் இரண்டு சட்டி மண்ணைப் போட்டு, அதன்மேல் புல்லையும் நட்டு, உயரத்தைக் கூட்டிவிடுவார்கள். நான் அப்படிச் செய்ததே இல்லை. ஒரே ஒரு தடவை செய்தேன். அந்த ஓவர்சியர் அதற்குத் தகுதியானவர்.

இந்த அம்மணி என்ன செய்தார்கள் தெரியுமா? நாலு குழிக்கும் நடுவில் மூன்றடி அகலத்துக்கு மண்ணை வெட்டாமல் விடச் சொன்னார்கள். ஒரு திட்டு இரண்டு திட்டு இல்லை, நெடுகச் சுவர். மேலே நின்று பார்த்தால் ஜன்னல் சட்டம் மாதிரி குறுக்கும் நெடுக்குமாக இருந்தது. ஏழு ஏக்கர் குளத்துக்கே மூன்று திட்டுத்தான் விடுவோம். அங்கே அதிகாரிக்கு எங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை. இங்கே நாலு குழிக்கு இத்தனை சுவர்! எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஏனுங்க அம்மணி, எங்க மேல நம்பிக்கை இல்லீங்களா?"

"எதுக்கு அப்படிக் கேக்கறீங்க மேஸ்திரி?"

"இத்தனை திட்டு விடச் சொல்றீங்களே. நாங்க அளவுல தப்புப் பண்ற ஆளுக இல்லீங்க."

அம்மணி சிரித்தார்கள். கோபக்காரர் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். சுவருக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்கள்: "குழிக்குள்ள இருந்த மண்ணு போயிருச்சு. ஓடெல்லாம் பையில இருக்கு. ஆனா எதுக்கு மேல எது இருந்துச்சு, எந்த மண்ணு முதல்ல வந்துச்சு, எது பின்னால வந்துச்சுன்னு இந்தச் சுவர் மட்டும்தான் சொல்லும்."

அதாவது எவ்வளவு ஆழம் என்று சொல்லும். அதைத்தானே சார் நானும் சொன்னேன்? படித்தவர்கள் ஒரு திட்டை அளவுத் திட்டு என்று சொல்ல எவ்வளவு சுற்றுகிறார்கள் பாருங்கள்.

இரண்டு மாதம் இப்படியே போயிற்று. ஐந்தடி ஆழம். அப்புறம் ஒரு நாள் மூன்றாம் குழிக்கும் நாலாம் குழிக்கும் நடுவில் இருந்த சுவரின் முன்னால் அம்மணி குதிக்காத குறை. சுவரில் கறுப்பாக ஒரு பட்டை. அதன் கீழே செங்கல் நிறத்தில் ஒரு பட்டை. கொஞ்சம் வெறும் மண். மறுபடி கறுப்பு, மறுபடி சிவப்பு. மறுபடி மண். மறுபடி அதேபோல. அடுக்கி வைத்த மாதிரி.

"மூணு உலை மேஸ்திரி! ஒண்ணு மேல ஒண்ணு. இரும்பு உருக்கியிருக்காங்க. விட்டுட்டுப் போயிருக்காங்க, திரும்பி வந்து அதே இடத்துல மறுபடி கட்டியிருக்காங்க."

முதல் உலையை ஒழுங்காகக் கட்டியிருந்தால் எதற்குச் சார் மூன்று? ஆனால் நான் கேட்கவில்லை. அம்மணி எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள். வாயில் இனிப்பு இருக்கும்போது கேள்வி கேட்கக் கூடாது.

"அடுத்த வாரம் கமிட்டி வருது. மூணு பேர். அவங்க ஒரு தடவை வந்து பாத்துட்டா உங்க தெருவுக்கு ஒண்ணும் ஆகாது. அன்னைக்கு எல்லாம் சுத்தமா இருக்கணும் மேஸ்திரி. உங்க பொறுப்பு."

என் பொறுப்பு! அவர்களே சொன்ன வார்த்தை. இதையும் அந்த அறிக்கையில் எழுதியிருக்கலாமே?

நான் அன்று பழனாத்தாளிடம் சொன்னேன்: "கமிட்டி வந்து பார்த்து ஓகே சொல்லீட்டா வீடு நம்முளுது." அவள் சுவரில் இருந்த மஞ்சள் நம்பரைப் பார்த்துவிட்டு, "ஒழுங்கா வேலை பாருங்க, அவிய மனசு கோணாம" என்றாள். இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன சார் வேண்டும்?

அம்மணியோடு வந்த கல்லூரிப் பிள்ளைகளில் ஒருத்தி, மெர்லின் என்று பெயர், நாகர்கோவில் பக்கம். படம் வரைகிறவள். அந்த உலைச் சுவர் முன்னால் நூல் கட்டி, டேப் தொங்கவிட்டு, கட்டம் போட்ட தாளில் நாலு நாள் வரைந்தாள். மேலிருந்து கீழே அளப்பாள், எழுதுவாள். அளப்பாள், எழுதுவாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அளவு முடிஞ்சுதா கண்ணு?"

"இந்தப் பக்கம் முடிஞ்சுதுண்ணே. அந்தப் பக்கம் இன்னும் வரையல்ல."

அந்தப் பக்கம் மட்டும் வேறு உயரமாகவா இருக்கப் போகிறது? ஒரு திட்டுக்கு ஒரு பக்கம் அளந்தால் போதும். சின்னப் பெண், தொழில் தெரியாது, நானும் சொல்லிக் காட்டவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அளவு எடுத்தாயிற்று. எழுதியாயிற்று.

கமிட்டி வருகிற நாள் வந்தது. பதினோரு மணிக்கு அம்மணியும் பிள்ளைகளும் கமிட்டிக்காரர்களை அழைத்து வரத் தாராபுரம் போய்விட்டார்கள். சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு வருவோம் என்றார்கள். போகும்போது அம்மணி வண்டியிலிருந்து தலையை நீட்டி, "மேஸ்திரி, சுத்தம்!" என்றார்கள். "நீங்க கவலையே படாதீங்க" என்றேன்.

அப்புறம் மேட்டுமேல் ஏறி நின்று பார்த்தேன். வருகிறவர்கள் பெரிய அதிகாரிகள். என் வீட்டை வைக்கலாமா இடிக்கலாமா என்று சொல்லப் போகிறவர்கள். வந்து பார்த்தால் என்ன தெரியும்? நாலு குழி, நடுவில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டாத மண். முடியாத வேலை. இவர்களுக்கே இன்னும் கணக்கு ஒத்துப்போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துவிட்டால்? அரைகுறை வேலையைக் காட்டி வீட்டைக் கேட்க முடியுமா?

"ராக்கியண்ணா, மண்வெட்டியை எடு" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து மண்வெட்டியைப் பார்த்ததும் என் ஆட்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பழனாத்தாள் மோர் கொண்டுவந்தவள் மட்டும் நின்று, "அந்த அம்மணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போடலாமுல்லொ?" என்றாள். திட்டை வெட்ட ஒரு மேஸ்திரி பெண்பிள்ளையிடம் போன் போட்டு அனுமதி கேட்பானா? "நீ போயி சாணி கரைச்சுட்டு வா" என்றேன்.

ஒன்றரை மணி நேரம் சார். அத்தனை சுவரும் போயிற்று. என்ன வேலை தெரியுமா! நாலு குழியும் ஒரே குழி. முப்பத்தஞ்சு அடிக்கு முப்பத்தஞ்சு அடி. தூக்குக்குண்டு விட்டு ஓரம் சீவினோம். ரசமட்டம் வைத்துத் தரை பார்த்தோம். ஒரு கோலி உருட்டினால் நின்ற இடத்தில் நிற்கும். வெட்டிய மண்ணை அம்பாரம் போட்டு அதையும் கட்டம் கட்டமாகத் தட்டி வைத்தோம். கறுப்பு, சிவப்பு, வெறும் மண் எல்லாம் நன்றாகக் கலந்து பார்க்கவே அழகாக இருந்தது. பழனாத்தாள் குழிக்குள் இறங்கிச் சாணி தெளித்து, நடுவில் கோலம் போட்டாள். பெரிய கோலம். இருபத்தொரு புள்ளி.

மூன்று மணிக்கு வந்தார்கள். கமிட்டியில் ஒரு பெரியவர், எழுபது வயது இருக்கும், தொப்பி போட்டிருந்தார். கையைப் பிடித்து மேட்டில் ஏற்றினேன். குழியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் பேச்சு வராமல் ஒருவர் என் வேலையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "சுவர் எங்கேம்மா?"

"வெட்டியாச்சுங்க!" என்றேன் நான். "அளவு எடுத்த உடனே வெட்டியாச்சு. ஒரு சட்டி மண்ணு மிச்சம் வைக்கலீங்க."

அம்மணி குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். வெயிலில் வந்தது மயக்கமாக இருக்கும் என்று மோர் கொடுக்கச் சொன்னேன். குடிக்கவில்லை. அந்த மெர்லின் பிள்ளை என்னடாவென்றால் அம்பாரத்து மண்ணில் கையை விட்டு அளைந்துகொண்டு அழுகிறாள். என்ன தொலைந்துபோயிற்று என்று கேட்டேன். இன்னும் ஆழமாகக் கையை விட்டாள்.

பெரியவருக்கு அந்த உலைகளைச் சுவரிலேயே பார்க்க வேண்டுமாம். அந்தக் கறுப்புப் பட்டையிலிருந்து கரித்துண்டு எடுக்க வேண்டுமாம், அவர் கண் முன்னாலேயே எடுக்க வேண்டுமாம், அதை ஆராய்ச்சிக்கு அனுப்பினால்தான் வயது தெரியுமாம். கரிதானே சார்? அம்பாரத்தில் எவ்வளவு கரி வேண்டும்? ஒரு கை அள்ளிக்கொண்டு போய் நீட்டினேன். "இது எந்த உலையோட கரின்னு எப்படிப்பா சொல்றது?" என்றார். கரியில் என்ன ஜாதி வித்தியாசம் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றிற்று. மரியாதைக்குச் சொல்லவில்லை.

"படம் இருக்கு சார், போட்டோ இருக்கு சார்" என்று அம்மணி தாளை எல்லாம் காட்டினார்கள். பெரியவர் பார்த்தார். "எனக்குப் போதும்மா. கமிட்டிக்குப் போதாது" என்றார். மறுபடி தோண்டலாம் என்றால், சாலைக்காரர்கள் கொடுத்த கெடு அந்த மாதத்தோடு முடிகிறது. எல்லோரும் வண்டியில் ஏறினார்கள். இருபத்தொரு புள்ளிக் கோலத்தைப் பற்றி ஒருவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அம்மணி கடைசியாக ஏறினார்கள். ஏறும் முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்க வீட்டைத்தான் வெட்டிட்டீங்க அண்ணா" என்றார்கள்.

பாருங்கள் சார், சாபம் விடுகிறார்கள்! படித்தவர்கள் செய்கிற காரியமா இது? மூன்று மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, இரண்டு மணி வரைக்கும் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டது யார்? சாப்பாட்டைச் சுருக்கிக்கொண்டு ஒரு மணிக்கு வந்திருந்தால் பாதிச் சுவராவது பார்த்திருக்கலாமே? இதைச் சொன்னால் நான் பொல்லாதவன்.

கமிட்டி அறிக்கை வந்தது. சான்று போதவில்லை. பயிற்சியற்ற பணியாளர்கள். சித்திரை பிறக்கும் முன்னால் பதினோரு வீட்டையும் பொக்லைன் தள்ளிற்று. என் வீடு மட்டும் இரண்டு தள்ளுக்கு நின்றது. கடைக்கால் அப்படி. தெருக்காரர்கள் ஆளுக்கொரு திக்காகப் போனார்கள். நான்கு பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அம்மணியின் பேச்சைக் கேட்டுக்கொண்டு.

இப்போது ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டினோமே, கவனித்தீர்களா? கவனித்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் போக ஒரு குழாய்ப் பாலம். அது என் சமையலறை.

அந்தப் பாலத்துக்குக் குழி எடுத்ததும் நான்தான் சார். சாலை இன்ஜினியர் என்னைத் தேடி வந்தார். பொக்லைன் எடுத்த குழிக்கு ஓரம் சீவ, தரை மட்டம் பார்க்கக் கை ஆள் வேண்டும் அல்லவா? என் வேலைச் சுத்தத்தைக் கேள்விப்பட்டிருக்கிறார். நத்தமேட்டுப் புகைப்படத்தைப் பார்த்தாராம். "யார் மேஸ்திரி இது? என்னா பினிஷிங்!" என்று கேட்டாராம். ஒருவருக்காவது கண் இருந்ததே!

குழி எட்டடி. ஓரம் சீவிக்கொண்டே வருகிறேன். தோள் அளவுக்கு வந்தபோது மண் கறுத்தது. பழனாத்தாள் சட்டியைத் தலையில் ஏற்றப் போனவள் அப்படியே நின்றாள்.

"ஏனுங்க. இது அந்த அம்மணி காட்டுனதாட்டவே இருக்குதுங்க."

"கம்முனு மண்ணை எடு."

அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கறுப்பு, சிவப்பு, மண். கறுப்பு, சிவப்பு, மண். கறுப்பு, சிவப்பு. மூன்று. எங்கள் அடுப்பு இருந்த இடத்துக்கு நேர் கீழே. எங்கள் அடுப்பையும் சேர்த்தால் நாலு. அதை எந்தக் கமிட்டியும் எழுதாது.

அந்த மூலையில் மூன்றடியை வெட்டாமல் விட்டேன்.

இன்ஜினியர் வந்தார். "என்ன மேஸ்திரி, ஒரு துண்டு நிக்குது?"

"அளவுக்குங்க."

"அளவெல்லாம் மிஷின்ல எடுத்தாச்சே."

"இருக்கட்டுங்க. ரெண்டு நாளைக்கு."

அம்மணியின் நம்பர் என்னிடம் இருந்தது. அழித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன், அழிக்கவில்லை போலிருக்கிறது. போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்து, "சொல்லுங்க மேஸ்திரி" என்றார்கள். என் நம்பரையும் அங்கே அழிக்கவில்லை. நான் என்ன சார் சொல்வது? எனக்குத் தோண்டத் தெரியாது என்று எழுதிய படித்தவர்கள் கூட்டத்திடம், நான் தோண்டியதில் உங்கள் சுவர் கிடைத்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றா? 

"கம்பி கட்ற ஆளு யாராச்சும் தெரியுங்களா அம்மணி? பால வேலைக்கு" என்றேன்.

"தெரியாதே மேஸ்திரி."

"சரிங்க."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"வேறொண்ணும் இல்லீங்க."

அவர்களும் உடனே வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. காசு ஓடுகிறதே என்று கடைசியில் நான்தான் வைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் கான்கிரீட் வண்டி வந்து நின்றுவிட்டது. இன்ஜினியர், "மேஸ்திரி, அதை எடுங்க" என்றார். ராக்கியண்ணன் மண்வெட்டியோடு இறங்கினான். அவனை ஏறச் சொல்லிவிட்டு நான் இறங்கினேன். முதலில் மேல் கறுப்பு. அப்புறம் அதன் சிவப்பு. அப்புறம் நடு மண். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துத் தனித்தனியாகக் கொடுத்தேன். பழனாத்தாள் மேலே தனித்தனியாகக் கொட்டினாள். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை. சாயங்காலமே லாரி வந்து அத்தனையையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு போயிற்று, அது வேறு விஷயம்.

கால் மணி நேர வேலை. பதினொன்றரை ஆயிற்று. கான்கிரீட் வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். இன்ஜினியர் குழி ஓரத்தில் வந்து குனிந்து, "என்னாச்சு மேஸ்திரி, இவ்வளவு நேரம்?" என்றார்.

"மண்ணு ரொம்பக் கெட்டிங்க" என்றேன்.

சாம்பல் சார் அது. ஊதினால் போய்விடும்.